ரூட் பாஸ்வேர்டை நான் கொடுக்கவில்லை

கரண்ட் போனது மத்தியான சாப்பாட்டு நேரத்தில். எங்கள் பதிவுக்கூடம் மயிலாப்பூரில் ஒரு குறுகலான தெருவில், மாடியில் இருக்கிறது. பார்வையில்லாத கல்லூரி மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் சின்ன அறக்கட்டளை. நான் அங்கே கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கிறவன். எனக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. என் மடிக்கணினி திரையில் வருவதையெல்லாம் குரலாக மாற்றி ஹெட்போனில் படித்துச் சொல்லும். நான் கேட்கிற வேகத்துக்கு அதை ஓடவிட்டால் மற்றவர்களுக்கு வெறும் கொறகொறப்பாகத்தான் இருக்குமாம்.

மர அலமாரிக்குள் ஒரு சர்வர் இருக்கிறது. லினக்ஸில் ஓடுவது. வாசிக்கிற ஒவ்வொரு வரியும் அதில்தான் சேரும். அதற்குக் கீழே யூ.பி.எஸ். கரண்ட் போனால் யூ.பி.எஸ். ஒரு யூ.எஸ்.பி. வயர் வழியாகச் சர்வருக்குத் தகவல் சொல்லும். பேட்டரி தீரப்போகிறது என்று தெரிந்ததும் சர்வர் எல்லாக் கோப்புகளையும் பத்திரமாக மூடிவிட்டுத் தானே அணைந்துகொள்ளும். பழைய யூ.பி.எஸ்.ஸில் இதையெல்லாம் நான்தான் அமைத்திருந்தேன். எத்தனையோ கோடைகாலங்கள் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. அதனால் அன்றைக்கும் யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தபோது நான் தயிர்சாத டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

விட்டு விட்டுக் கத்தியது ஒரே கத்தலாக மாறியது. அதற்கு முன்பே சர்வர் அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை. கத்தல் சட்டென்று நின்றது. கூடவே சர்வரின் மின்விசிறிச் சத்தமும் கழுத்தைப் பிடித்த மாதிரி இறங்கி அடங்கியது. முறையாக அணைகிற சத்தம் வேறு, எனக்குத் தெரியும். கையில் தயிர்சாதத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவே தோன்றவில்லை.

கரண்ட் வந்த பிறகு பார்த்தால், அந்த வாரம் முழுக்க வாசித்த சரித்திரப் புத்தகம் சிதறிப்போயிருந்தது. சில கோப்புகள் காலி. சிலவற்றில் பாதி வாக்கியத்துக்குப் பிறகு வெறும் இரைச்சல். நகல் எடுப்பது வாரக் கடைசியில்தான். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

அந்தப் புத்தகத்தை வாசித்தவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. எங்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர். நந்தனத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்காக வாசித்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தொண்டை கட்டியிருந்தும் சுக்குத் தண்ணீரைக் குடித்துக் குடித்து வாசித்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பெங்களூர்ல பொண்ணாத்துக்குப் போறதா இருந்தேன். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன்," என்றார். "நாளைக்கே ஆரம்பிக்கலாமோன்னோ? ஆனா திருப்பியும் இப்படி ஆகாதுன்னு நீங்க சொல்லணும்."

ஆகாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஏன் ஆனது என்றே அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் அறக்கட்டளையின் செயலர் வந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். என் தோளில் கையை வைத்தார். "நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. அதுல பச்சை லைட் எரியுதா சிவப்பு லைட் எரியுதான்னு உங்களால எப்படிப் பாக்க முடியும்? யாரையாவது பாத்துக்கச் சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மன்னித்துவிட்டார்! காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு.

"சார், லைட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. யூ.பி.எஸ். சொன்னது சர்வருக்குப் போய்ச் சேரல. இந்தப் புது யூ.பி.எஸ்.ஸை மாட்டினப்ப நான் லீவுல இருந்தேன். மாட்டினவர் என்ன பண்ணினார்னு எனக்குத் தெரியணும்."

"அவர் எல்லாம் செட் பண்ணிட்டுத்தானே போனார்? பேட்டரி எத்தனை பர்சன்ட்னு எனக்கே காட்டினாரே."

நான் லீவு முடிந்து வந்ததும் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தேன். "புதுசை எதுக்குப் பிடுங்கறீங்க, அவங்களே டெஸ்ட் பண்ணியாச்சு" என்று தடுத்தவரும் இவர்தான். அதை அப்போது நான் ஞாபகப்படுத்தினேன். அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். "நாளைக்கு அந்த டெக்னீஷியனையே வரச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் டெக்னீஷியன் வந்தார். யூ.பி.எஸ். விற்ற கடையிலிருந்து. படியேறி வந்த மூச்சோடு அலமாரியைத் திறந்தவர், நான் பக்கத்தில் நிற்பது தெரிந்ததும் முழங்கையைப் பிடித்து நகர்த்தினார். "சார உக்கார வைங்க சார், ஒயர்ல காலு மாட்டிக்கப்போவுது," என்றார் செயலரிடம்.

"அந்த வயரைப் போட்டதே நான்தான்," என்றேன்.

"மானிட்டர் எங்க சார்?" என்று கேட்டார். அதையும் செயலரிடம்தான். சர்வருக்கு மானிட்டர் கிடையாது, எனக்குத் தேவைப்பட்டதில்லை. உள்ளறையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்து மாட்டினார்கள். சாவிப்பலகையில் கொஞ்ச நேரம் தட்டினார்.

"சார், இது லினக்ஸு சார். நம்ப சாஃப்ட்வேர் இதுல ஒயுங்கா வராது. அன்னிக்கு நல்லா ஓடிக்கினு இருந்துச்சு. நடுவுல யாரோ இன்னாவோ பண்ணிகீறாங்க. விண்டோஸ் போட்டுட்டா பிரச்னையே கெடையாது."

"யாரும் ஒண்ணும் பண்ணல. போன வாரம் ஒரு அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆச்சு, அவ்வளவுதான்," என்றேன். "என்கிட்ட கேளுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

"சார் கிட்ட ரூட் பாஸ்வேர்டு கேட்டுச் சொல்லுங்க சார்," என்றார், மறுபடியும் செயலரிடமே.

ரூட் என்பது லினக்ஸில் எல்லாவற்றையும் செய்ய உரிமையுள்ள கணக்கு. எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், எதை வேண்டுமானாலும் திறந்துபோடலாம். நான் லீவில் இருந்தபோது என்னிடம் போனில் கெஞ்சி வாங்கி டெக்னீஷியனுக்குக் கொடுத்திருந்தார் செயலர். வந்ததும் முதல் வேலையாக மாற்றியிருந்தேன்.

"தர முடியாது," என்றேன்.

"குடுங்க," என்றார் செயலர். குரலைத் தாழ்த்தி, குழந்தையிடம் பேசுகிற மாதிரி. "அவரால ஸ்கிரீனைப் பாத்துப் பண்ண முடியும்ல."

அந்த ஒரு வாக்கியம். பல வருடமாக அந்தச் சர்வரைத் தூக்கி நிறுத்தியவன் நான். அவருடைய மின்னஞ்சல் நின்றுபோனால் வீட்டிலிருந்து எனக்குத்தான் கூப்பிடுவார். அப்போதெல்லாம் நான் எதைப் பார்த்துச் சரிசெய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்? கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக நினைவில்லை. "பாஸ்வேர்டு வேணும்னா என்னை வேலையை விட்டு அனுப்பிட்டு வாங்கிக்கோங்க" என்பது மட்டும் நினைவிருக்கிறது. உள்ளறையில் வாசித்துக்கொண்டிருந்த டீச்சர் நிறுத்திவிட்டார். டெக்னீஷியன் பையை மூடும் சத்தம் கேட்டது. "அப்ப நான் இன்னா சார் பண்றது, பேசிட்டுக் கூப்புடுங்க," என்று இறங்கிப் போனார்.

செயலரும் அவர் அறைக்குப் போய்விட்டார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சர்வர் தன் குறிப்புகளை எழுதிவைக்கும். அதைப் படிக்கவிட்டேன். ரீஸ்டார்ட் ஆன நிமிடத்திலிருந்தே ஒரே புலம்பல். யூ.பி.எஸ்.ஸோடு பேசவேண்டிய டிரைவர் என்ற நிரல் கிளம்பப் பார்க்கிறது, சாதனத்தைத் திறக்க முடியவில்லை. இன்சஃபிஷியன்ட் பெர்மிஷன்ஸ். மறுபடி கிளம்புகிறது. இன்சஃபிஷியன்ட் பெர்மிஷன்ஸ். அனுமதி போதாது, அனுமதி போதாது என்று அந்த இயந்திரக்குரல் பக்கம் பக்கமாகப் படித்தது.

விஷயம் புரிந்துவிட்டது. அந்த டிரைவர் ரூட்டாக ஓடாது, ஓடவும் கூடாது. அதற்கென்று அதிகாரம் குறைந்த ஒரு தனிக் கணக்கு உண்டு. எந்த யூ.எஸ்.பி. சாதனத்தை எந்தக் கணக்கு தொடலாம் என்று சொல்ல ஒரு விதிக் கோப்பு இருக்கிறது. அதில் பழைய யூ.பி.எஸ்.ஸின் அடையாள எண் இருந்தது. புதியதன் எண் இல்லை. டெக்னீஷியன் அன்றைக்கு அதே பிழையைப் பார்த்திருக்கிறார். ஒரு வரி சேர்ப்பதற்குப் பதிலாக டிரைவரை ரூட்டாகக் கையால் கிளப்பிவிட்டிருக்கிறார். பேட்டரி அளவு வந்தது, செயலருக்குக் காட்டினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்வரை எல்லாம் சரியாக ஓடியது. நான் வந்து பார்த்தபோதும் பேட்டரி அளவைச் சொன்னது. ரீஸ்டார்ட் ஆனதும் டிரைவர் தன் சொந்தக் கணக்கில் கிளம்பியது, கதவு சாத்தியிருந்தது.

அது மட்டும் என்றால்கூட விட்டிருப்பேன். தொடர்பு அறுந்தால் எனக்கு அஞ்சல் வரும்படி ஓர் அமைப்புக் கோப்பு எழுதிவைத்திருந்தேன். அதன் மேல் எங்கிருந்தோ எடுத்த மாதிரிக் கோப்பை ஒட்டியிருந்தார். அதனால்தான் ஒரு வாரமாக எனக்கு ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. ஒரு கோப்பில் யூ.பி.எஸ்.ஸுக்குப் புதுப் பெயர் வைத்திருந்தார், இன்னொன்றில் பழைய பெயரே இருந்தது. கடவுச்சொல் இருக்கிற கோப்பு உட்பட எல்லாவற்றுக்கும் செவன் செவன் செவன் என்று அனுமதி கொடுத்திருந்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று அர்த்தம். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் தணியவில்லை, ஏறியது. அவர் ஒன்றும் அறியாத ஆள் இல்லை. ரூட்டாக ஓட்டினால் வேலை செய்யும் என்று தெரிந்திருக்கிறதே! அடுத்த இடத்துக்குப் போகிற அவசரம். அந்த அவசரத்தைத்தான் செயலர் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

புதிய எண்ணை விதிக் கோப்பில் சேர்த்தேன். விதிகளை மறுபடி படிக்கச் சொன்னேன். தரையில் மண்டியிட்டு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு யூ.எஸ்.பி. வயரைக் கழற்றி மாட்டினேன். டிரைவர் கிளம்பியது, இந்தத் தடவை தன் சொந்தக் கணக்கிலேயே. அடுத்து, சர்வரை அணைக்க வேண்டிய நிரல் 'ஆக்சஸ் டினைடு', உள்ளே விடமாட்டேன் என்றது. பெயரையும் கடவுச்சொல்லையும் எல்லாக் கோப்புகளிலும் ஒன்றாக்கினேன். அனுமதிகளைத் திரும்பக் குறைத்தேன். எச்சரிக்கை அஞ்சலை எனக்கே திருப்பினேன். பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தேன். அதற்கப்புறமும் பேட்டரி அளவு வந்தது.

"டீச்சர், வாசிச்சதைச் சேமிச்சாச்சா? பிளக்கைப் பிடுங்கிப் பாக்கப்போறேன்."

"நானே பிடுங்கறேன்," என்று எழுந்து வந்தார். "செக்ரட்டரி கேட்டா என்னைச் சொல்லுங்கோ."

பிடுங்கினார். யூ.பி.எஸ். கத்தியது. பேட்டரி இறங்க இறங்க என் ஹெட்போனில் ஒவ்வொரு அளவாகச் சொல்லிக்கொண்டு வந்தது. டீச்சர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் சர்வர் அணையப்போகிறேன் என்று அறிவித்தது. ஹார்ட் டிஸ்க் சுழல்வது நின்றது, பிறகு விசிறி நின்றது. யூ.பி.எஸ். மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"ஆயிடுத்தா?"

"ஆச்சு டீச்சர். இனிமே ஆகாது. சொல்றேன்."

புத்தகத்தை அவர் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். முடிந்த பகுதிகளை அன்றன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். கடைசிப் பகுதியைத் தேர்வுக்குப் போகும் பஸ்ஸில்தான் கேட்டாளாம். அதிலிருந்து கேள்வி வந்ததாம், நினைவிலிருந்த மட்டும் தனக்காகத் தேர்வு எழுதித் தருபவரிடம் சொல்லி எழுதவைத்தாளாம். "இன்னும் ரெண்டு தடவை கேட்டிருந்தா நல்லா எழுதியிருப்பேண்ணா," என்றாள் போனில். தேறிவிட்டாள். ஆனால் அவள் எதிர்பார்த்த மார்க் வரவில்லை.

இதற்கிடையில் அறங்காவலர்களுக்குச் செயலர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். எனக்கும் ஒரு பிரதி வந்தது. 'யூ.பி.எஸ். கோளாறு, விற்பனையாளரின் தொழில்நுட்ப உதவியால் சரிசெய்யப்பட்டது' என்று என் ஹெட்போன் படித்தது. திரும்பப் படிக்கவிட்டேன். அப்படித்தான் இருந்தது.

நேரே அவர் அறைக்குப் போனேன். "சார், கோளாறை உண்டாக்கினவர் அவர். சரி பண்ணினது நான்."

"அட, அது பொதுவா எழுதினது. சரி, மாத்திடறேன்," என்றார்.

சாயங்காலம் திருத்தம் வந்தது. 'எங்கள் ஊழியரின் ஒத்துழைப்புடன்' என்று இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே செருகியிருந்தார்.

கொட்டிவாக்கத்தில் வீட்டுக்குப் போனபோது மனைவி வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தாள். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் வளர்ந்தவள். மீனைத் திருப்பிப்போடும் சத்தத்துக்கு நடுவே, "இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வச்சிக்கினு கீற?" என்றாள். சொன்னேன். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"ஒத்துழைப்பா? அப்ப அந்தாளு வேலை செஞ்சானாம், நீ டார்ச் புட்சிக்கினு நின்னியாம். நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"நாளைக்குப் போய்ச் சொல்லு."

போனேன். செயலர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்தத் தடவை கத்தவில்லை. விதிக் கோப்பு, ரூட், மாற்றி எழுதிய கோப்பு, போன பதிவு, அந்தப் பெண்ணின் தேர்வு. ஸ்கிரீனைப் பார்த்துப் பண்ண முடியும் என்று அவர் சொன்னதையும் அவர் குரலிலேயே சொன்னேன். அவர் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல," என்றார்.

"எந்த அர்த்தத்துல சார் சொன்னீங்க?"

வெளியே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். "சரி, இனிமே அந்த அலமாரியை உங்களைக் கேக்காம யாரும் தொட மாட்டாங்க," என்றார் கடைசியில். அதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். அறங்காவலர்களுக்குப் போன அஞ்சலை மட்டும் அவர் மறுபடி திருத்தவே இல்லை. கேட்கிறபோதெல்லாம் அனுப்பறேன் அனுப்பறேன் என்கிறார். நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.