காலிக் கட்டம்

அலுவலகத்தில் அவனுக்குக் ‘கட்டம்’ என்று பட்டப்பெயர். இணையப் பக்கங்களில் பட்டியல் போடுவது அவன் வேலை. அவன் போட்ட பட்டியலில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. காலிக் கட்டத்தைப் பார்த்தால், பட்டன் அறுந்த சட்டையோடு எதிரே ஒருவன் வந்து நின்ற மாதிரி முகத்தைச் சுளிப்பான். அப்படியொரு சுத்தம், அப்படியொரு திமிர்.

மருத்துவமனைக்கு அவன் எழுதிக் கொடுத்தது சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல். பெயர், ரத்த வகை, அந்த மாதத்து ரத்தப் பரிசோதனை எண், கடைசியில் ‘அழைப்பு’ என்று ஒரு பத்தி. எண் அளவுக்குள் இருந்தால் அங்கே பச்சையில் ‘கூப்பிடலாம்’ என்று வரும். மற்ற எதுவானாலும் சாம்பல் நிறத்தில் ‘வேண்டாம்’. சிறுநீரகம் ஒன்று வந்தால், மருத்துவமனைக் கவுண்டர்காரர் அந்த ரத்த வகையில் பச்சையாக இருக்கும் முதல் ஆளைக் கூப்பிடுவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

அலுவலகத்தில் அவன் எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் பெண் ஒரு சந்தேகத்தோடு வந்தாள்.

“ரிசல்ட் இன்னும் வரலைன்னா என்ன சார் காட்டும்?”

“வேண்டாம்னு காட்டும்.”

“சரியில்லைங்கறது வேற, இன்னும் வரலைங்கறது வேற இல்லையா? காத்திருப்புன்னு மூணாவதா ஒண்ணு போட்டுடலாமே.”

“ஏம்மா, ரிசல்ட்டை நேரத்துக்கு ஏத்தாம லேப்ல உக்காந்து என்ன கிழிக்கிறாங்க? பச்சை, இல்லைன்னா சாம்பல். நீ உன் வேலையை மட்டும் பாரு.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள்.

அந்தப் பட்டியலில் ஏழாவது வரி அவனுடைய சொந்த அக்கா. இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்துக் கிடப்பவள். ஊசி போட வருகிற நர்ஸிடமெல்லாம், “அந்தப் பட்டியல் என் தம்பி எழுதினதுதான்” என்று பீற்றிக்கொள்வாள். அவள் ரத்த வகையில் அவள்தான் முதல் ஆள்.

ஒரு திங்கட்கிழமை அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆய்வகத்தில் இயந்திரம் பழுது, எண் ஏறவில்லை. புதன்கிழமை காலையில் அவளுடைய ரத்த வகையில் ஒரு சிறுநீரகம் வந்தது. வேறு ஒருவருக்குப் போயிற்று.

வியாழக்கிழமை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“டேய் தம்பி, நேத்து எனக்குப் பொருந்துற கிட்னி வந்துச்சாமே. ஸ்கிரீன்ல எனக்கு வேண்டாம்னு இருந்துச்சாம், நர்ஸு சொல்றா. நான் எப்படா வேண்டாம்னு சொன்னேன்?”

அப்போதாவது அவன் வாயைத் திறந்திருக்கலாம், பாவி.

“லேப்ல ஏதோ கோளாறுக்கா” என்றான்.

“ஓ, அப்படியா? சரி விடு, அடுத்தது வராமயா போயிடும். லேப்ல இருக்கறது சின்னப் பொண்ணு, பாவம். சண்டைக்கு கிண்டைக்குப் போயிடாதே.”

திருத்துவதற்கு நாலு நிமிடம்தான் ஆயிற்று. எண் காலியாக இருந்தால் மஞ்சளில் ‘காத்திருப்பு’. ஒரே ஒரு வரி. சோதிக்கும் பெண் பார்த்துவிட்டு “சரி” என்று மட்டும் எழுதி அனுப்பினாள். அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்தது வரவில்லை. ஐம்பதாவது நாள் அக்கா போய்ச் சேர்ந்தாள். சாவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் அக்காவின் கணவர், “லேப்காரங்க கொன்னுட்டாங்க” என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவனும் தலையாட்டினான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கவுண்டர்காரர் அவனை அழைத்தார்.

“சார், பட்டியல் அருமையா வேலை செய்யுது. இப்பல்லாம் யாரும் விட்டுப்போறதே இல்லை. உங்க அக்காவை மட்டும் வந்து ரத்தம் குடுக்கச் சொல்லுங்க. ரெண்டு மாசமா எண் ஏறலை, மஞ்சள்ல காத்திருப்புன்னே நிக்குது.”



“சொல்றேங்க” என்றான்.