நெட்டில் கிடந்த படம்

யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்குத் தமிழில் கையேடு எழுத, காரைக்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். எழுதியதைச் சரிபார்க்க வந்த பெண்மணி, கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தார். எழுதியபடியே செய்து பார்ப்பார். எழுதாததைச் செய்யவே மாட்டார். அச்சிடுவது பற்றிய என் பக்கத்தில் பிரிண்டரை ஆன் செய்யச் சொல்ல மறந்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதைத் திருத்தியதும், நான் சேர்த்திருந்த பிரிண்டர் படத்தைக் காட்டினார்.

“இதை எங்க எடுத்தீக?”

“நெட்ல சும்மா கிடந்துச்சுங்க.”

“கோயில் வாசல்லயுந்தான் செருப்பு கிடக்கு. மாட்டிக்கிட்டுப் போயிருவீகளா? நம்ம கையேட்டை யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு போட்டிருக்கோம். அடுத்தவுக படத்தையும் சேத்து எடுத்துக்கன்னு சொல்ல நாம யாரு?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் போனில் புதுப் படம் எடுத்துப் போட்டேன்.

இன்றும் நெட்டிலிருந்து ஒரு படத்தை எடுக்கப் போனால் எனக்குக் கால் கூசுகிறது.