பாசி கட்டிய முடி

‘அவர்’ என்று எழுதுவது மரியாதைக்காக அல்ல, பழக்க தோஷம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்பது வருடம் என்னைத் தினுசு தினுசாக அடித்த என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். பட்டறையில் ஃபிட்டர் வேலை. இரும்பை வளைக்கிற கை. அந்தக் கை என் மகள் மேல் படாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அந்த வீட்டில் எனக்கு வேலை. சோறு, துணி எல்லாம் அப்புறம். அவளுக்கு அப்போது ஏழு வயது.

துரை பங்களாவில் கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பழுது பார்க்கப் போனவர், கிறுக்குப் பிடித்துத் திரும்பி வந்தார். தொட்டிக்குள் ஒரு கட்டை கிடந்ததாம். அதன் மேல் பச்சைப் பசேலென்று பாசி படர்ந்திருந்ததாம். அதற்குள் நுழைந்து நுழைந்து மீன் போனதாம். தண்ணீர்த் தொட்டியில் வாராவாரம் தேங்காய் நார் கொண்டு நான் தேய்த்துத் தள்ளுகிற பாசியை ஒரு வெள்ளைக்காரன் கண்ணாடிக்குள் வைத்துச் சீராட்டுகிறான், அதைப் பார்த்து இவருக்கு ஆசை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு ஒரு அறை விழுந்தது.

இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, தண்ணீர் கசியாமல் இடுக்கில் மக்குப் பூச்சு. ஒரே வாரத்தில் தொட்டி எழும்பிவிட்டது. வேலையில் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். கிள்ளானுக்குப் போய், ஆற்றுவெள்ளம் கரையில் ஒதுக்கிய கட்டை ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். அதன் சாறு இறங்கும்வரை அவிக்க வேண்டுமாம். என் பெரிய சோற்றுக் குண்டானில் மூன்று நாள் அவித்தேன். தேயிலை நிறத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் தண்ணீர் வற்றிக் குண்டான் அடிப்பிடித்தது. அடுப்பிலிருந்து பாதி எரிந்த விறகை உருவி என் முழங்காலில் அடித்தார். தழும்பு இன்னும் இருக்கிறது.

பாசி, கோம்பாக் பக்கம் ஓடைப் பாறையிலிருந்து ஈரச்சாக்கில் வந்தது. அது தானாக மரத்தைப் பிடிக்காது. மெல்லிசாகப் பரப்பி, சுற்றிக் கட்டி, இரண்டு மாதம் அசைக்காமல் விட வேண்டும். முதலில் தையல் நூலால் கட்டினார். பாசி வேர் பிடிப்பதற்குள் நூல் இற்றுப்போனது. அப்போது என் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். முடி இற்றுப்போகவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை.

என் முடி இடுப்புக்குக் கீழே இறங்கும். அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் அவர் எப்போதும் அடிப்பார். இப்போது அடித்து முடித்ததும் தரையில் உட்கார்ந்து, பிய்ந்து விழுந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நீவி, ஈரத்துணியில் வைக்க ஆரம்பித்தார். அந்த விரல்கள் அவ்வளவு பதவிசாக நடந்து நான் பார்த்ததே இல்லை. அடியை விட அதுதான் வலித்தது. ஒரு பிடி பாசியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஓடைக் குளிரில் வளர்ந்த பாசிக்கு எங்கள் வீட்டு வெக்கை ஆகவில்லை. மூன்று தடவை பழுத்து நாறியது, மூன்று தடவையும் பழி என் தலையில். சவர்க்காரக் கையோடு தொட்டியைத் தொட்டேனாம், அடுப்புப் புகையைத் தண்ணீர் பக்கம் விட்டேனாம். மூன்றாவது தடவை ஒரு பல் போனது. பக்கத்து வீட்டு அக்கா என் தாடைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, முடியை மட்டும் பிடிக்கக் கொடுக்காதே, மற்றதையெல்லாம் தடுத்துக்கொள்ளலாம் என்றாள். அவளும் அடி வாங்குகிறவள்தான்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல் வந்து தேறியது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன் என்று அவரிடம் சொன்னேன். பாதி பொய். ஆனால் முருகனுக்கு நேர்ந்ததை எந்தப் புருஷனும் தடுக்கத் துணிய மாட்டான். பிள்ளைக்காக நேர்ந்தால் பிள்ளைக்கும் சேர்த்து இறக்குவதுதான் வழக்கம். நாவிதர் அவளையும் உட்காரச் சொன்னார். அன்று காலைதான் மல்லிகை வைத்துப் பின்னிவிட்ட சடை. எனக்கு மனசு வரவில்லை. என்னுடையது மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். என் ஆயுசில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது.

மொட்டைத் தலையோடு வீடு திரும்பியபோது ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அடுத்து அவர் கை ஓங்கியபோது விரல்கள் என் தலையைத் தேடி வந்து, பிடி கிடைக்காமல் வழுக்கின. நான் விலகி வாசலுக்குப் போய்விட்டேன். அவர் தொடர்ந்து வரவில்லை.

தொட்டியைப் பார்க்க வருவதாகத் துரை சொல்லியிருந்தாராம். அதற்காக என் வீட்டுக்காரர் புதுப் பாசி கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பிள்ளை வீறிட்டாள். ஈரக் கையோடு ஓடினேன். அவளுடைய சடையை வலது கையில் சுற்றி, தலையை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தார். இடது கையால் நெற்றியோரத்து முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ரத்தம் பொட்டுப் பொட்டாகப் பூத்திருந்தது.

“நாலே நாலு முடிதாம்மா. அழக் கூடாது,” என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்.

கட்டை மேசை மேல்தான் கிடந்தது. மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறிக் கனத்துக் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கி, சடையைப் பிடித்திருந்த மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிந்தது காதில் விழுந்தது. பிள்ளை உருவிக்கொண்டு ஓடினாள். அவர் என் கழுத்துக்கு வந்தார். இரண்டாவது அடி தோளில். தடுமாறித் தொட்டி மேல் சாய்ந்தார், தொட்டி அவரோடு கீழே போனது. தண்ணீர், கண்ணாடி, மீன் எல்லாவற்றுக்கும் நடுவே கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஊளையிட்டார். நான் ஓங்கிய கட்டையைத் தாழ்த்தவில்லை. எழுந்திரு, எழுந்திரு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எனக்கு நடுக்கமே இல்லை, சந்தோஷமாக இருந்தது.

பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. அப்பாவை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

“அம்மா, இன்னொரு கை இருக்கும்மா,” என்றாள்.

கட்டையைக் கீழே போட்டேன். அவர் எழுந்தால் என்ன செய்வாரோ என்று பயந்து நான் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. பிள்ளை சொன்னதற்குப் பயந்துதான், அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கிள்ளான் வண்டியைப் பிடிக்க நடந்தேன்.