அடங்கிடுச்சா?

கௌதாரிப் பண்ணையில் அவருக்குப் பஞ்சுக்கை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. இருபத்தாறு வருடமாக அவருக்கு ஒரே வேலைதான். பண்ணையில் வளர்ந்த கௌதாரிகளைப் பிடித்துப் பெட்டியில் போட்டு வண்டியேற்றுவார். எங்கோ தூரத்துக் காடுகளில் கொண்டுபோய் விடுவார்கள்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். பிடித்துப் பார்த்தால் தெரியும் சேதி. மிரண்ட கௌதாரி ஒரு கொத்து இறகைக் கையிலேயே விட்டுவிட்டு நழுவிவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தலையணையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டவர்கள் மாதிரி நிற்பார்கள். பஞ்சுக்கையின் விரலில் ஓர் இறகுகூட ஒட்டாது. விளக்கை மங்கலாக்குவார். எல்லார் வாயையும் மூடச் சொல்வார். பின்பக்கமாகப் போய் இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்து அணைத்து, தலையைத் துணியால் மூடிவிடுவார். இரண்டு உதறலோடு சரி. அப்புறம், எழும்பி மண்டையை உடைத்துக்கொள்ள முடியாத தாழ்ந்த பெட்டிக்குள் போய்விடும்.

பெட்டிகள் ஏறியதும் வண்டிக்காரர் கேட்பார்: "அண்ணே, அடங்கிடுச்சா?"

இவர் பெட்டிமேல் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அடங்கிடுச்சு, கிளம்பு" என்பார். வண்டி கேட்டைத் தாண்டினால் அவர் கவலையும் தாண்டிவிடும். போன இடத்தில் என்ன ஆனது என்று யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

வீட்டில் அக்கா இருந்தாள். ஏழு வயதில் அவர் அநாதையானபோது, தாய்க்குத் தாயாக நின்று ஆளாக்கியவள். தம்பியை யார் பார்ப்பது என்று சொல்லியே தன் கல்யாணத்தைத் தட்டிக்கழித்தவள். பதினொரு வருடத்துக்கு முன்னால் சந்தைக் கூட்டத்தில் கீழே விழுந்து மிதிபட்டாள். அந்தப் பயத்தில் அன்றிலிருந்து வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் வாய் மட்டும் ஓயாது.

"வந்துட்டியா தம்பி? போய்க் கையைக் கழுவு, கோழி வாடை வருது."

"கோழி இல்லக்கா, கௌதாரி."

"ரெண்டும் நாறத்தானே செய்யுது!"

தினமும் இதே பேச்சு. ஒரு நாள்கூட இருவருக்கும் அலுத்ததில்லை.

அப்புறம் சாலையை அகலப்படுத்த அந்தத் தெருவை இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. ஊரின் மறுகோடியில் வேறு வீடு பார்த்தார். அக்கா ஒரு மாதமாகக் கெஞ்சினாள். "நான் வரல தம்பி. என்னை இங்கயே விட்டுடு. வாசல்ல கால் வெச்சா செத்துருவேன்." அவரும் தேன் ஒழுகப் பேசிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை இடிக்கும் இயந்திரம் தெருமுனைக்கே வந்து நின்றது.

மனுஷன் என்ன செய்வார்? தெரிந்த தொழிலைச் செய்தார். ஜன்னல்களைச் சாத்தினார். பேச்சை நிறுத்தினார். பின்பக்கமாகப் போய் அக்காவின் இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்து அணைத்து, தலையைப் போர்வையால் மூடித் தூக்கினார். இரண்டு உதறலோடு சரி. வாசலில் பண்ணை வண்டி நின்றது. வண்டிக்காரர் தயங்கித் தயங்கி, "அண்ணே... அக்கா?" என்றார்.

"அடங்கிட்டாங்க. கிளம்பு."

வழிநெடுக அக்கா ஒரு முனகல்கூட முனகவில்லை. சொல்லவே கூசுகிறது, அவருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

புது வீட்டில் அன்றைக்கு அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. போகப்போகப் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை, முந்தின வாரம் போன கௌதாரிகளில் பதினெட்டு செத்துத் திரும்பி வந்தன. பண்ணைக்குப் புதிதாக வந்திருந்த கால்நடை டாக்டரம்மாதான் அனுப்பச் சொல்லியிருந்தார். ஒன்றை அறுத்துத் தொடைச் சதையைக் காட்டினார். வேகவைத்தது போல வெளுத்திருந்தது.

"பிடிச்சப்ப வந்த பயம்தான். உடனே தெரியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் சாகும்."

"என் கையில சத்தமே போடலையே டாக்டர். அடங்கித்தானே இருந்துச்சு?"

"அது அடங்கினது இல்லைங்க. இனி தப்பிக்க வழியில்லன்னு தெரிஞ்சா அப்படியே உறைஞ்சு போயிடும். நெஞ்சு எப்படி அடிச்சுக்குதுன்னு நீங்க பார்த்திருப்பீங்களே?"

"அடிச்சுக்கும். கௌதாரிக்கு நெஞ்சே அப்படித்தான்னு நினைச்சேன்."

சொல்லி வாய் மூடவில்லை, ஞாயிற்றுக்கிழமை தன் முன்கையில் அடித்துக்கொண்ட இன்னொரு நெஞ்சு அவருக்கு ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினார்.

அக்கா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, தப்புப் பண்ணிட்டேன்" என்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு கிட்டே போனார்.

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். கத்தவில்லை, நகரவில்லை. தன் இரண்டு கைகளையும் தானே உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். தலை குனிந்து கண்ணை மூடினாள்.

நீட்டிய கைகளை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துக்கொண்டார்.

"கோழி வாடை வருதாக்கா?" என்று கேட்டார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.