மிஸிஸ் தங்கராஜ் வென்ற கோப்பை

அறுப்பு முடிந்த வயலில் வெயில் ஏறும்போது சேற்று நாற்றமும் வைக்கோல் மணமும் கலந்து ஒரு வாடை கிளம்பும். அதை வைத்தே கோல்ஃப் காலம் வந்துவிட்டது என்று அமரவிளைப் பக்கத்துப் பிள்ளைகளான நாங்கள் அறிந்துகொள்வோம். சிரிக்க வேண்டாம். வெளிநாட்டில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று வந்த மேரி மாமி, ஒரு பை நிறைய கோல்ஃப் மட்டைகளைக் கொண்டுவந்து, ‘ஏலா’ என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் பால்பொடி டப்பாக்களைக் குழிகளாகப் புதைத்து, எங்கள் திருச்சபைப் பெண்களுக்கென்று வருடாவருடம் சாம்பியன்ஷிப் நடத்தினார். “இது அம்மி அரைக்கியது இல்ல மக்கா, லேசாப் பிடி” என்பதுதான் அவர் தந்த மொத்தப் பயிற்சியும்.

முதல் வருடம் வென்றவள் என் அம்மா எஸ்தர்பாய். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஆடிய கடைசி ஆட்டத்தில் பந்து நண்டு வளைக்குள் போய் மாட்டிக்கொள்ள, வரப்பில் நின்ற அப்பா, “சோறு வடிக்கணும், போதும் வா” என்று கத்தினார். “எனக்க பந்து வெளிய வரட்டு, பிறவு நான் வாறேன்” என்று சொல்லிவிட்டு, சேறும் நண்டும் சேர்ந்து பறக்க ஓங்கி ஒரே அடி அடித்தாள்.

சபை மண்டபத்துப் பலகையில் ‘மிஸிஸ் தங்கராஜ்’ என்று எழுதினார்கள். தங்கராஜ் என் அப்பா. எங்கள் சபையில் ஒரு பெண் காணிக்கை கொடுத்தாலும் பாட்டுப் பாடினாலும் புருஷன் பெயரில்தான் வாசிப்பார்கள். கோல்ஃபுக்கு மட்டும் எதற்கு விதிவிலக்கு என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் வருடம் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். அப்பா மறுமணம் செய்துகொண்டார்; சித்தி வந்தாள். பலகையில் இருந்த பெயருக்கு வேறு ஆள் வந்துவிட்டது யாருக்கும் உறைக்கவே இல்லை.

இந்த வருடம் சபை விழா மலருக்கு அந்தச் சாம்பியன்ஷிப்பின் வரலாற்றை என்னிடம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். “டீச்சரே, பலகையில உள்ளதாக்கும் ரெக்கார்டு” என்று செயலாளர் அதை வெட்டினார். விழா அன்று, முதல் சாம்பியனுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்று மிஸிஸ் தங்கராஜை அழைத்து, மூட்டுவலிக்காரியான என் சித்தியை இரண்டு பேர் பிடித்து மேடையேற்றினார்கள். பாவம், அவள் மைக்கைப் பிடித்து, “நான் அந்தக் கம்பத் தொட்டதே இல்ல. ஜெயிச்சது அக்காவாக்கும்” என்றாள். என்ன ஒரு அடக்கம் என்று கூட்டம் கைதட்டியது!

அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடுவதாகச் செயலாளர் சத்தியம் செய்தார். திருத்தவும் செய்தார். நேற்று வீடு வீடாக வந்து சேர்ந்த மலரில் ‘லேட் மிஸிஸ் தங்கராஜ்’ என்று இருக்கிறது.

மேரி மாமி இன்று இல்லை. ஏலாவைத் தூர்த்து வீடுகள் கட்டியாகிவிட்டது. அம்மா அங்கே ஆடியதைப் பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கண்ணாடியைப் போட்டு அந்த வரியை வாசித்த சித்தி, “மக்கா, இவனுவ என்னையும் கொன்னுட்டானுவளே” என்றாள். பிறகு என் பேனாவை வாங்கி, அந்தப் பெயரை அடித்துவிட்டு, எஸ்தர்பாய் என்று எழுதினாள். எங்கள் வீட்டுப் பிரதியில் மட்டும் அம்மா ஜெயித்திருக்கிறாள்.