அட்டையில் பெயர் போட்ட கெசையா

எங்கள் ஒஹையோ பக்கத்தில் சமையல் புத்தகம் போட்ட முதல் பெண் கெசையா பர்டம். அவளை எழுத வைத்ததும் எங்கள் சபைப் பெண்கள்தான், எழுதியதற்காக உயிரோடு புதைத்ததும் அவர்கள்தான். என் பெண்டாட்டி டிரூசில்லாவும் அதில் ஒருத்தி. இதைச் சொன்னால் முறைப்பாள். முறைக்கட்டும்.

கோயில் கூரை எரிந்துபோன வருஷம், புத்தகம் அச்சடித்து விற்றுக் கூரை போடுவதென்று முடிவானது. வீட்டுக்கு ஒரு சமையல் பக்குவம், கீழே கொடுத்தவள் பெயர். தொகுக்கும் வேலை கெசையாவுக்கு வந்தது, அட்டையில் அவள் பெயர். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வெர்மான்ட்டிலிருந்து வந்து தனியாகக் குடியிருந்தவள் அவள். இனியாவது நம்மை ஊரில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று பூரித்துப் போனாள்.

எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்குவம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஒரு சாமானை மட்டும் விழுங்கிவிட்டுச் சொல்வார்கள். கேட்கிறவளுக்கும் அது தெரியும், சிரித்தபடி வாங்கிக்கொள்வாள். கெசையாவுக்குத்தான் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் தன் அடுப்பில் செய்து பார்த்து, விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சேர்த்து அச்சுக்குக் கொடுத்தாள். பாவி, உபகாரம் என்றே நினைத்தாள்!

சபை மூப்பரின் மனைவி ஆல்தியா மறைத்த மோர் புத்தகத்தில் ஏறியதும், அவளுடைய இஞ்சி கேக் ஊரெல்லாம் உப்பி எழுந்தது. மூப்பர் எங்கள் வீட்டில் ஒரு துண்டு தின்றுவிட்டு, “ஆல்தியா, உன்னோடதை விட இது மெத்துனு இருக்கே!” என்று வாயை விட்டார். கெசையா தொலைந்தாள்.

“மோரை எழுதச் சொல்லி உன்னை எவ கேட்டா?” கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் ஆல்தியா.

“மறந்துட்டீங்களோனு நெனச்சேன், சிஸ்டர்.”

“ஆமா, மறக்கறதுக்கு நான் கெழவி பாரு! பிழைக்க வந்தவளுக்குத் திமிரைப் பாரு!”

மறுபதிப்பில் அட்டையிலிருந்து கெசையாவின் பெயர் காணாமல் போனது. சபை விருந்துக்கு அவள் கொண்டுவரும் பாத்திரத்தை ஒருத்தரும் தொடவில்லை. கோழிக் குழம்பில் வெந்த மாவுருண்டை, அடடா, வாசனையே ஆளை இழுக்கும். ஆனால் கரண்டி போட்டது போட்டபடி கிடக்கும். “சிஸ்டர், உங்க வீட்டுப் பூனைக்கு யோகந்தான்!” என்பாள் என் டிரூசில்லா. எல்லோரும் சிரிப்பார்கள். கெசையாவும் சிரிப்பாள். அடுத்த விருந்துக்கும் சமைத்துத் தூக்கிக்கொண்டு வருவாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, யாராவது ஒருவர் சாப்பிட வேண்டும். தலை நரைக்கும் வரை அது நடக்கவில்லை.

பிறகு புதுப் போதகர் வந்தார். ஊர் விவகாரம் தெரியாத மனுஷர். முதல் விருந்திலேயே அந்த மாவுருண்டையைத் தட்டில் போட்டு ஒரு வாய் தின்றார், கண்ணை மூடிக்கொண்டார்.

“யாரு கைங்க இது? அவங்களுக்கு நான் நன்றி சொல்லணும்!”

மேசையைச் சுற்றி எல்லோரும் குனிந்து தங்கள் தட்டைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கெசையாவே முந்திக்கொண்டாள்.

“சிஸ்டர் ஆல்தியா செஞ்சதுங்க.”

அவ்வளவுதான், ஊரே தட்டை நீட்டியது. என் பெண்டாட்டி இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள். கெசையா ஓரமாக நின்று ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் கண்டதே இல்லை.

ஆல்தியா ஏப்ரனை உதறிக்கொண்டு போதகரிடம் வந்தாள்.

“உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சு, ஐயா. மன்னிச்சுக்கங்க.”