நான் முழுங்கிய வரி

1. நாலு வரிச் செய்தி

எண்பதுகளில் அருப்புக்கோட்டையில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். செய்தியைக் கவரில் போட்டு மதுரை பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். திருச்சுழிப் பக்கமிருந்து கிணற்றுத் தகராறுகள் அடிக்கடி வரும். பங்காளிகளுக்குப் பொதுக் கிணறு. ஆளுக்கொரு நாள் தண்ணீர் முறை. ஒருவர் முறையில் இன்னொருவர் கைவைத்தால் அடிதடி. எவ்வளவு எழுதி அனுப்பினாலும் மதுரை ஆபீஸ் டெஸ்க்கில் வெட்டி நாலு வரியாக்குவார்கள்: மோதல், காயம், வழக்கு.

அப்படி வெட்டியதில் செய்தியிலிருந்து காணாமல் போன மனிதர்களை எனக்கு விட மனம் வரவில்லை. ஒரே மூச்சில் ஒரு கதை எழுதினேன். செத்துப்போன தம்பியின் மனைவிக்குத் தண்ணீர் முறை. அன்றைக்குப் பார்த்து அண்ணன்காரன் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியோடு டவுனுக்குப் போய்விடுகிறான். அவளுடைய மிளகாய்ச் செடிகள் கருகுகின்றன. கடைசியில் அவள் பிள்ளைகளோடு ஊரைவிட்டே போகிறாள். எல்லாம் கற்பனை. ஒரு வார இதழில் என் பெயரோடு வந்தது.

2. மத்தியான வாசிப்பு

இதழ் வந்த மறுவாரம், லேத் பட்டறைக்கு மேலிருந்த என் அறைக்கு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். கையில் அந்த இதழ்.

"கெணத்துக் கதை எழுதுனது நீங்கதான?"

"ஆமா, அண்ணாச்சி."

"என்னையத்தான் எழுதிருக்கீகன்னு ஊரே சிரிக்குது. எனக்கு எழுத்து தெரியாது. வாசிங்க, கேப்போம்."

கதவை அவரே சாத்தினார். காலடியில் வைத்த பையிலிருந்து அரிவாள் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொல்லன் பட்டறையில் தட்டிக் கூராக்கக் கொண்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு உதவவில்லை.

வாசித்தேன். அண்ணன்காரன் டவுனில் டீக்கடையில் உட்காரும் இடம் வந்தது. இந்நேரம் அவள் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறான். அடுத்த வரி: 'டீ இனித்தது.' நாக்கு எழவில்லை. அதைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போனேன்.

"நிப்பாட்டுங்க. ஒரு வரிய முழுங்கிட்டீக."

இதழின் மேல் விரலை வைத்தார்.

"எம் மக ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டிட்டா. டீ இனிச்சதுன்னு வருமே, அந்த எடத்துலதான் நிமிந்து என் மொகத்தப் பாத்தா. அத வாசிங்க."

வாசித்தேன்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சு எழுதுனது."

"அன்னிக்கி டீக்கடையில எம் பக்கத்துல ஒரு பயலும் இல்ல."

இதழை என் கையிலிருந்து வாங்கி மூடிவிட்டுக் கேட்டார்.

"கடைசில அவ ஊரவிட்டுப் போறத மாத்த முடியாதா?"

"அச்சாயிருச்சு அண்ணாச்சி. கதையில இனிமே முடியாது."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க ஊருல அவ இன்னும் போகல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

எழுதுவதற்கு என்ன உந்துதல் வேண்டும் என்று புது நிருபர்கள் கேட்கிறார்கள். ஆர்வம் போதும், ஆரம்பித்துவிடலாம். அந்த வரியை எழுதியபோது எனக்கு ஆர்வத்துக்குக் குறைவில்லை. அவர் வாசிக்கச் சொன்னபோது அது எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எதை எழுதினாலும், அவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஒருமுறை வாய்விட்டு வாசிக்கிறேன். நாக்கு எந்த வரியைத் தாண்டப் பார்க்கிறதோ, அந்த வரியை நான் அடித்து நீக்குவதில்லை.